நாமினி என்கிற முறையில்

மோனி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தெருவில் யாராவது சொல்லி உனக்குத் தெரிய வருவதைவிட நானே சொல்லிவிடுவது மேல். போன மாதம் ஒரு மதியம், நீ ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தபோது, வாசலில் நின்ற உன் சிவப்புக் காருக்குள் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, உன் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, வாயாலேயே வண்டி ஓட்டினேன். டுர்ர்ர் என்று கிளம்பி, ஒரு லாரியை ஓவர்டேக் எடுத்து, எதிரில் மாடு வந்ததால் பிரேக் பிடித்தேன். பிரேக்குக்கும் தனியாக ஒரு சத்தம் வைத்திருந்தேன். ஜன்னல் இறக்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. தண்ணி கேன் போடுகிற குமார், கேனைத் தோளில் வைத்தபடியே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். "இன்னாக்கா, எங்க கிளம்பிட்ட?" என்றான். எனக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை. "பெங்களூரு" என்றேன். "அப்ப வீட்டுக்கு ஒரு கேன் போதுமா?" என்று கேட்டு, ஒன்றை மட்டும் இறக்கிவிட்டுப் போனான். அன்றைக்கு உன் அப்பா ஏன் தண்ணீர் இல்லை என்று கத்தினார் என்பது இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

நாளைக் காலை அதே வண்டியில் நீ ஓசூருக்குக் கிளம்ப வேண்டும். புது வேலை, புது ஊர், அதுவும் தனியாக. இந்தத் தனியாக என்கிற ஒரு சொல்லுக்காகத்தான் நமக்குள் இத்தனை நாளும் இழுபறி. உன்னை வண்டியோடு அனுப்புவதா, வண்டியை இங்கே நிறுத்திக்கொண்டு உன்னை மட்டும் பஸ்ஸில் ஏற்றிவிடுவதா என்று நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாவி என் இடுப்பில் இருக்கிறது. முடிவு பண்ணிவிட்டேன். நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று போனைத் தடவிக்கொண்டே தலையாட்டுவாய், அதனால் எழுதுகிறேன். உன் வயதில் ரேஸ் வண்டி மாதிரி ஒன்றை வாங்கித் தரச் சொல்லி வீட்டில் மல்லுக்கட்டுகிற மற்ற பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் படித்தால் படிக்கட்டும். ஆனால் நீ நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. உன் புத்தி எனக்குத் தெரியும்.

கார் வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது நான் வேறொரு காரை நினைத்துக்கொண்டேன். வெள்ளை நிறத்தில், சாதுவாக, பின்னால் அரிசி மூட்டை வைக்க இடமுள்ள கார். நீ போனில் காட்டியதோ முறைத்துப் பார்த்தது. தாழ்வாக, சிவப்பாக, முதுகில் சின்னதாக ஒரு றெக்கை. "இது எதுக்குடி றெக்கை?" என்றேன். "காத்து அமுக்கும்மா, வண்டி ரோட்டோட ஒட்டிக்கும்" என்றாய். வண்டியை ரோட்டோடு ஒட்ட வைக்கத் தனியாக ஒரு சாமான் தேவைப்படுகிறது என்றால் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்று அப்போதே கணக்குப் போட்டேன். அதே சமயம், பொய் சொல்ல மாட்டேன், அந்தப் படத்தை எனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி, நான் வேலை செய்கிற புடவைக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். நீ இன்னும் விலையே பேசவில்லை. நான் வாங்கிவிட்டதாகவே சொல்லிவிட்டேன்.

வண்டியை விற்றவர் முசரவாக்கத்துக்கு அந்தப் பக்கம் நிலபுலத்தோடு இருக்கிற ஜைனக் குடும்பத்துக்காரர், எல்லோரும் நயினார் என்று கூப்பிடுகிறவர். மகன் ஆசையாக வைத்திருந்த கார், மகன் வெளிநாடு போய்விட்டான், கார் கொட்டகையில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. போனிலேயே சொல்லிவிட்டார்: "பொழுது சாயறதுக்குள்ள வந்துடும்மா. இருட்டினா நாங்க சாப்புட மாட்டோம், அடுப்பையும் அணைச்சிடுவோம். உங்கள வெறும் வாயோட அனுப்பறது எனக்குக் கஷ்டமா இருக்கும்." அதனால் வெயில் இருக்கும்போதே நீயும் நானும் அப்பாவும் போய் இறங்கினோம். நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். எங்கள் கடையில் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் எத்தனை லைட் போட்டுக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள், புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். நானும் அதே தோரணையில் "வண்டிய வெயிலுக்கு எடுங்க" என்றேன். சுற்றி வந்தேன். இடது பக்கக் கதவுக்கு வந்ததும் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "இந்தக் கதவு வேற சிவப்பு! மத்தது எல்லாம் மிளகாப்பழம், இது மட்டும் மாதுளை!" என்று கூவினேன். நயினார் அமைதியாக, "ஆமாம்மா, கதவு மாத்துனதுதான். பையன் புளியமரத்துல உரசிட்டான். உங்க பொண்ணு கிட்ட மொத நாளே போன்ல சொல்லிட்டேனே" என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு "தெரியும்மா" என்றாய். இடுப்பில் வைத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்து, "நல்ல கதவு" என்றேன்.

அப்புறம் நீ ஸ்டார்ட் செய்தாய். அந்தச் சத்தம்! வயலில் மேய்ந்த கொக்குகள் எல்லாம் ஒரே மூச்சில் எழுந்து போய்விட்டன. எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. உன் அப்பா, கல்யாண மண்டபத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மைக் செட் போட்டே காது மந்தமாகிப்போன மனுஷன், கண் கலங்கி நின்றார். "பேஸ் இன்னா க்ளியரா இருக்குது பாத்தியா!" நயினாருக்குத்தான் கூச்சம். "சைலன்சர் பையன் மாத்துனதுங்க. ஒரிஜினல சாக்குல சுத்தி பரண்ல வெச்சிருக்கேன். அதையே மாட்டிக்குங்க. இதோட ஓட்டுனா போலீசு நிறுத்துவான், இன்சூரன்சு காரனும் நாளைக்கு ஏதாவதுன்னா இத காட்டியே கைய விரிச்சிடுவான்" என்றார். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது வண்டியைப் பார்ப்பதைவிட விற்கிறவரைப் பார்ப்பது நல்லது என்று அன்றைக்கு நினைத்தேன். ஒருவர் தன் வண்டியின் குறையைத் தானாகவே முதலில் சொல்கிறார் என்றால், மீதியை நம்பலாம். சைலன்சர் மாற்றிய அன்று உன் அப்பா சாப்பிடவில்லை. இப்போது வண்டி பூனை மாதிரி போகிறது என்று குறைப்படுகிறார். நீ ஓசூரில் எந்தக் கூட்டாளி பேச்சையாவது கேட்டு மறுபடி ஏதாவது குழாயை மாட்டினால், முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு மாட்டு. அப்பாவிடம் சொல்லாதே, பஸ் ஏறி வந்துவிடுவார்.

வண்டிப் பேப்பரில் பேர் மாற்றுகிற விஷயத்தில் உன்னை நான் எவ்வளவு நச்சரித்தேன் என்று நீ சொல்லிக் காட்டுவாய். காரணம் உன் அப்பாவின் மொபெட். உனக்கு லேசாக ஞாபகம் இருக்கும், பச்சை நிறம், நீ முன்னால் நின்றுகொண்டு போவாய். தன்னோடு வேலை செய்தவரிடம் அதைப் பழசாக வாங்கினார். அவர் சாவியைக் கொடுத்தார், பேப்பரைக் கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான் வியாபாரம். பேப்பரில் பேர் யாருடையது என்று இவர் ஒரு நாளும் பார்க்கவில்லை. ஒரு முகூர்த்த நாளில் மண்டபத்து வாசலில் நிறுத்தியிருந்த வண்டியை எவனோ தள்ளிக்கொண்டு போய்விட்டான். இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று இவர் தைரியமாகப் போனார். "வண்டி யாரோடது?" என்று கேட்டார்கள். "என்னோடது." "பேப்பர் அப்டி சொல்லலியே." பழைய சொந்தக்காரரோ திருப்பூர் பக்கம் எங்கேயோ போய்விட்டார். உன் அப்பா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அதனால்தான் வண்டியோட பேர் மாறினதும் ரெண்டு வாரத்துக்குள்ளே இன்சூரன்சிலும் பேர் மாற வேண்டும் என்று பாபு சொன்னபோது, நான் அங்கேயே பாய் விரித்துப் படுக்கத் தயாராக இருந்தேன்.

பாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் ஃபேனும் நாற்காலியுமாக இன்சூரன்ஸ் எழுதுகிறவன். உன்னை ஏற இறங்கப் பார்த்தான், ஜன்னல் வழியாக வண்டியை ஏற இறங்கப் பார்த்தான், "சின்ன வயசு, சீறுற வண்டி" என்று சிரித்தான். "தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா, ஃபுல்லா போட்டுடலாமா?" நான் முந்திக்கொண்டேன். "மூணாவது கட்சி எல்லாம் வேணாம்பா. எங்க வீட்டுக்காரர் ரெண்டு கட்சிக்குமே மைக் போடறவரு, பொழப்பு கெட்டுடும்." நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். பாபு பொறுமையாகச் சொன்னான்: தேர்ட் பார்ட்டி என்றால் நாம் யாரை இடிக்கிறோமோ அவர்களுக்கானது, அது கட்டாயம். ஆனால் அது நம் வண்டிக்கு ஒரு பல்பு கூட வாங்கித் தராது. நம் வண்டிக்கும் சேர்த்து வேண்டுமென்றால் ஃபுல்லாகப் போட வேண்டும். அடுத்ததாக நான், நயினார் இத்தனை வருஷம் ஒரு கீறல் என்று கம்பெனியிடம் கை நீட்டவில்லையாமே, அதற்காகக் குறைத்துக் கொடுப்பார்களாமே, அது நமக்கும் உண்டா என்று கேட்டேன். "அது அவரோடவே போயிடும்க்கா. வண்டிதான் கை மாறும். நல்ல பேரு கை மாறாது. பாப்பா புதுசாதான் சம்பாதிக்கணும்" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது. நீ முகத்தைச் சுளித்தாய், செலவு உன்னுடையதாயிற்றே.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வந்தது. "நாமினி யார போடலாம்?" நீ யோசிக்காமல் "எங்கம்மாவ போடுங்க" என்றாய். நான் பதறினேன். "எனக்கே நாமம் போடுறியாடி?" விஷ்ணு காஞ்சியில் குடியிருந்துகொண்டு, மதில் முழுக்க நாமத்தைப் பார்த்துக்கொண்டு, கடையில் யாராவது பாக்கி வைத்துவிட்டு ஓடினால் நாமம் போட்டுவிட்டான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவளுக்கு வேறு என்ன தோன்றும்? "நாமம் இல்லம்மா, நாமினி. அது முக்கியமான ஆளு. பேசாம இரு" என்றாய். முக்கியமான ஆள்! நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு விளங்கியது இதுதான்: வண்டிக்கு ரெண்டு பேர் சொந்தம். ஒருத்தி ஓனர், இன்னொருத்தி நாமினி. ஓனர் ஊரில் இல்லாதபோது நாமினி வைத்ததுதான் சட்டம்.

அப்புறம் நான் நடந்துகொண்டதை நினைத்தால் இப்போதும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடையில் என்னோடு புடவை விரிக்கிற விஜயாவிடம், "எம் பொண்ணு வண்டிக்கு நான்தான் நாமினி" என்றேன். அவள் கண்ணை விரித்து "அப்டியா!" என்றாள், அவளுக்கும் தெரியாது. பூக்காரியிடம் சொன்னேன். கல்யாணப் புடவை எடுக்க வந்த வேலூர்க்காரர்களிடம், அவர்கள் கேட்காமலே சொன்னேன். அதில் ஒரு பெரியவர் என்னை விசித்திரமாகப் பார்த்து, "சந்தோஷமா சொல்றீங்களே" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பாபு பாலிசியைக் கொடுக்கக் கடைக்கே வந்தான். எதிரில் ஒரு கல்யாண வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், என் கையில் ஒரு அரக்குப் புடவை பாதி மடித்தபடி இருந்தது. ஆள் இருக்கிறார்களே என்ற கர்வத்தில் சத்தமாகவே கேட்டேன்.

"ஏம்பா பாபு, நாமினிக்குத் தனியா ஒரு சாவி குடுப்பாங்களா, இல்ல பொண்ணுகிட்ட இருக்கறதையே வாங்கிக்கணுமா?"

"நாமினிக்கு இன்னாத்துக்குக்கா சாவி?"

"வண்டி எனக்கும் சேர்ந்ததுதான?"

பாபு கல்யாண வீட்டாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "அது இல்லக்கா. வண்டி ஓட்டிக்கினு போவும்போது பாப்பாவுக்கு ஏதாவது ஒன்னு ஆயிடுச்சுன்னா கம்பெனி பணம் குடுக்கும். அத யாருகிட்ட குடுக்கறதுன்னு ஒரு பேரு வேணும். அதான் நாமினி."

அந்தப் புடவையை நான் எப்படி மடித்தேன் என்று தெரியாது, விஜயா அப்புறம் அதைப் பிரித்து மறுபடி மடித்தாள். "எம் பேர எடுத்துடு" என்றேன். "யாராவது ஒருத்தர் பேரு இருக்கணும்க்கா." "அப்ப பெருமாள் பேர போடு. வரதராஜப் பெருமாள். எழுதிக்க." பாபு தலையைச் சொறிந்தான். "பெருமாளுக்கு ஆதார் இருக்குதாக்கா?" கல்யாணப் பெண்ணின் அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வாய் மட்டும்தான் சிரித்தது.

அன்று சாயங்காலம் நீ வாசலில் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, நான் ஆரம்பித்துவிட்டேன். "நான் போய் க்யூவுல நின்னு, உன் பேர சொல்லி, பணம் வாங்கிக்கினு வரணுமாடி?" உனக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் சிரித்தாய், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஐய, ஒன்னும் ஆவாதும்மா. எல்லாருக்கும் இருக்கற ரூல்சுதான்." "ஆவாதுன்னா எதுக்கு எழுதி வாங்குறான்?" "அப்பா போற மண்டபத்துல நெருப்ப அணைக்கற சிலிண்டர் மாட்டி வெச்சிருக்காங்களே, தினமுமா பத்திக்கினு எரியுது?" நான் வேறு பக்கம் போனேன். "அப்பா பேர போட்டிருக்கலாமில்ல?" நீ குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்: "யாரு பேருன்னு கேட்டாரு. வாய்ல உன் பேருதாம்மா வந்துது. யோசிக்கவே இல்ல."

உன்னோடு எதற்கும் வாயாடத் தயாராக இருக்கிறவள் நான். அன்றைக்குப் பேச முடியாதவர்கள் செய்கிற காரியத்தைச் செய்தேன், ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "நாமினிங்கற முறையில சொல்றேன். இனிமே நான் பக்கத்துல உக்காராம இந்த வண்டி நவுராது. ஓசூருக்கு நீ பஸ்ல போ." அப்பா உள்ளேயிருந்து, "நல்லா கேட்டுக்க, நாமினி பேசறாங்க" என்றார். எந்த நேரத்தில் மைக்கை ஆன் பண்ணுவது என்று அந்த மனுஷனுக்கு இன்று வரை தெரியவில்லை.

அப்படித்தான் நான் உன் வண்டிக்குக் கண்டக்டர் ஆனேன். கோயிலுக்கு, கடைக்கு, திருமுக்கூடலுக்கு, எங்கே போனாலும் இடது சீட்டில் நான். "பிரேக்கு, பிரேக்கு! ஆட்டோக்காரன் திரும்பறான் பாரு! அவன் கைய காட்ட மாட்டான், காலத்தான் காட்டுவான்!" என் பக்கம் பிரேக்கே இல்லை, ஆனாலும் தரையை மிதித்து மிதித்து எனக்குக் கெண்டைக்கால் வீங்கிவிட்டது. நீ கத்தவில்லை. திருமுக்கூடலில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, "பக்கத்துல உக்காந்துக்கினு ஓட்டறதுக்கு, இந்தப் பக்கம் வந்து ஓட்டேன்" என்றாய். கிண்டல் என்று நினைத்தேன். மறுநாளே என் போட்டோவையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு போய் வண்டி பழகுவதற்கான எல்எல்ஆருக்கு எழுதிவிட்டாய். அந்த மதியம்தான் நான் காருக்குள் உட்கார்ந்து பெங்களூர் போனது. பிராக்டீஸ் என்று வைத்துக்கொள்.

டிரைவிங் ஸ்கூலில் என் கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள். மாஸ்டர் என்னை "மேடம்" என்பார். "மேடம், ஹாரன அடிச்சா வண்டி நிக்காது, பிரேக்க மிதிச்சாத்தான் நிக்கும்" என்பார். கிளச்சும் கியரும் கைக்கும் காலுக்கும் பழகியதும் நீயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாய். "இன்னிக்கு என் வண்டிய எடும்மா." முன்னாலும் பின்னாலும் சிவப்பில் எல் ஒட்டினாய். சிவப்பு வண்டியில் சிவப்பு எழுத்து தெரியவில்லை என்று வெள்ளைத்தாளில் மறுபடி ஒட்டினாய்.

தாமல் ஏரிப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத அந்த ரோட்டுக்கு வந்ததும் இடம் மாறி உட்கார்ந்தோம். ஏரி நிறைந்து கடல் மாதிரி கிடந்தது, காற்று முகத்தில் அடித்தது. ரெண்டு தடவை வண்டி குதித்து நின்றது. மூன்றாம் தடவை நகர்ந்தது. ஒன்று, ரெண்டு, மூன்றாவது கியர் விழுந்ததும் நான் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினேன். கொஞ்சம்தான். மோனி, அது எப்படிப் பாய்ந்தது! முதுகை யாரோ சீட்டோடு சேர்த்துத் தைத்த மாதிரி இருந்தது. கரையோரத்துப் பனைமரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. நான் "ஐயோ, ஐயோ" என்று கத்தினேன், ஆனால் காலை எடுக்கவில்லை. சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி வந்தது. உன்னைப் பெற்றெடுத்த பிறகு நான் அப்படிச் சிரித்ததாக ஞாபகமில்லை. என்னை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை, நானே போகிறேன் என்பது எனக்கு இந்த வயதில், அந்த ரோட்டில்தான் தெரிந்தது. "ம்மா, கால எடு! எடும்மா!" என்று உன் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்.

இடது சீட்டில் உட்கார்ந்து நீ தரையை மிதித்துக்கொண்டிருந்தாய். ஒரு கை ஹேண்ட் பிரேக்கில், இன்னொரு கை கதவுப் பிடியில், உதடு வெளுத்துப்போய், இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டு. அப்படியே என் முகம். இந்த ஒரு மாதமாக எனக்கு இருந்த பயம் அத்தனையும் உன் முகத்தில் இருந்தது. நான் காலை எடுத்தேன். வண்டி தானாகத் தளர்ந்து ஓரமாக நின்றது. அப்புறம் நீ மூச்சை விட்டு, "இன்னொரு தடவ போலாமா? ஆனா மெதுவா" என்றாய். அந்த இடத்தில்தான் நான் முடிவு பண்ணினேன். உனக்குப் பயம் இல்லை என்று நினைத்துத்தான் நான் சாவியைப் பிடித்து வைத்திருந்தேன். உனக்குப் பயம் இருக்கிறது. இருந்தும் என் கையில் ஸ்டீயரிங்கை மறுபடி கொடுத்தாய். பயந்துகொண்டே கொடுத்தாய். அதையே நான் செய்யாவிட்டால் எப்படி?

அதனால் இப்போது நான் சொல்லப்போவது வண்டி ஓட்டத் தெரியாத அம்மா சொல்கிற புத்திமதி இல்லை. வேகம் எவ்வளவு ருசி என்று எனக்குத் தெரிந்துபோயிற்று, அதனால்தான் சொல்கிறேன். ஹைவேயில் எவனாவது உன் பக்கத்தில் வந்து உறுமினால், பெண் ஓட்டுகிறாள் என்று சீண்டினால், உனக்குள்ளே ஒன்று நெளியும். எனக்கும் நெளிந்தது, எதிரில் யாருமே இல்லாத ரோட்டிலேயே நெளிந்தது. அவனை விட்டுவிடு. போகட்டும். அவனுக்கு யார் நாமினி என்று அவன் அம்மா பார்த்துக்கொள்வாள். கூட வேலை செய்கிறவர்கள் "ஒரு ரவுண்டு குடு" என்று கேட்பார்கள், லைசன்ஸைப் பார்க்காமல் எவன் கையிலும் சாவியைக் கொடுக்காதே. எங்கேயாவது இடித்துவிட்டால், முதலில் உன் கையும் காலும் இருக்கிறதா என்று பார். கூட யாருக்காவது அடிபட்டிருந்தால் ஆஸ்பத்திரிதான் முதலில். அப்புறம் நின்ற இடத்தையும் வண்டியையும் போட்டோ எடு, மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் பண்ணு. நடந்தது எதுவோ அதை மட்டும் சொல். நயினார் கதவைச் சொன்ன மாதிரி நீயே முதலில் சொல்லிவிடு. பாலிசி முடிகிற தேதியை நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன், முந்தின மாதத்திலிருந்தே போன் பண்ணி உயிரை எடுப்பேன். தூக்கம் வந்தால் நிறுத்தித் தூங்கு. வேலைக்கு லேட்டானால் திட்டுத்தான் வாங்குவாய். திட்டு வாங்குவதில் உனக்கு நல்ல பழக்கம் இருக்கிறது, நான்தான் பழக்கினேன்.

பாபுவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், பேரை மாற்ற வேண்டாம் என்று. நாமினி நான்தான். இப்போது அதன் அர்த்தம் தெரிந்தேதான் சொல்கிறேன். அந்தப் பணத்தை வாங்க நான் ஒரு நாளும் வர மாட்டேன் என்றும் அவனிடம் சொன்னேன். "அதான்க்கா எங்க கம்பெனியும் ஆசப்படுது" என்றான். சாவியை இடுப்பிலிருந்து எடுத்து டிவி மேல் வைத்துவிட்டேன். எழுந்ததும் எடுத்துக்கொள்.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. நாளைக்கு உன்னோடு நானும் வருவதாக இருந்தேன். லைசன்ஸ் கையில் வந்துவிட்டால் வாலாஜா வரைக்கும் நான் ஓட்டி, அங்கே உன்னிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்பலாம் என்று அப்பாவிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இன்று காலை டிரைவிங் ஸ்கூல் வண்டியில் டெஸ்டுக்குப் போனேன். முன்னால் ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினேன். நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். பின்னால் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். ஆபீசரின் பிளாஸ்டிக் நாற்காலி இப்போது இல்லை. அந்த நேரத்தில் அவர் அதில் உட்கார்ந்திருக்கவில்லை, டீ குடிக்க எழுந்து போயிருந்தார். திரும்பி வந்து நாற்காலியை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், அடுத்த மாதம் வரச் சொன்னார். மீதி இருந்தவர்களுக்கு நின்றுகொண்டே டெஸ்ட் எடுத்தார்.